மறுபடி கேட்டால் சொல்வாள்

நிதானமாக உட்கார்ந்து எழுத என்னால் ஆகாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வரி எழுதினால் எழுந்து பால்கனிக்குப் போகிறேன். துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கிறேன், காயவில்லை, திரும்பி வந்து உட்காருகிறேன். உங்களுக்கும் இப்படித்தான் இருக்கும், நம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே வயதுதானே. கண்ணுக்குச் சாளேஸ்வரம் வந்து, சர்க்கரை வந்து, பிள்ளைகள் நம்மைவிட உயரமாகி, பள்ளிக்கூடத்துக் குழுவில் காலையில் பூப்படம் அனுப்பிக்கொண்டிருக்கிற வயது.

அந்தக் குழுவில் போன வாரம் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கரோல் பாக்கில் இருக்கிற நம் தோழி கொஞ்ச காலமாக எந்தச் சந்திப்புக்கும் வருவதில்லை. உங்களில் யாரோ, என்னம்மா ஆளையே காணோம் என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்று போட்டாள். உடனே கட்டைவிரல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன, என்னுடையதும் சேர்த்து. அதற்குப் பிறகு யாரோ மாங்காய்த் தொக்கு செய்முறை அனுப்ப, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அன்று சாயங்காலம் என் பையன் கம்ப்யூட்டரில் ஒரு மர்ம விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். துப்பறியும் கதைதான், காணாமல்போன ஆளைத் தேட வேண்டும். எங்கேயோ ஒரு கதவு திறக்கவில்லை போலிருக்கிறது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, போனை எடுத்தான், யாரோ ஒருவன் ஆடிக்காட்டுகிற வீடியோவைப் பார்த்தான், அதேபோல அமுக்கினான், கதவு திறந்துகொண்டது. நீயாக யோசிக்கவே மாட்டாயா என்று கேட்டேன். யோசித்தால் டைம் வேஸ்ட் என்றான். அவன் சொல்வதில் தப்பில்லை. ஆனால் எனக்கு ஒரு கோடை முழுக்க ஒரே ஒரு கதவு திறக்கவில்லை, அந்தக் கதவு என்னை இன்னும் விட்டபாடில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

அப்போது நாங்கள் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அந்தக் கட்டடங்களை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே கிரேன்கள் நிற்கின்றன. மாடி வீடு, ஒன்றரை அறை, பின்னால் தகரம் போட்ட ஒரு பால்கனி. அந்த வருஷம் கோடை விடுமுறை ஆரம்பித்த கையோடு இரண்டு விஷயம் வீட்டுக்குள் வந்தது. முதலாவது ஒரு கம்ப்யூட்டர். இரண்டாவது அப்பா.

கம்ப்யூட்டர் என் மாமாவுடையது, அம்மாவின் தம்பி. ஒரு மாடியறையை வாடகைக்குப் பிடித்து கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தி, கையைச் சுட்டுக்கொண்டவர். கடையைக் கட்டியபோது மற்ற மெஷின்களை விற்றுவிட்டு, ஒன்றை மட்டும் நல்ல ஆள் கிடைக்கிறவரை என்று எங்கள் பால்கனியில் கொண்டுவந்து வைத்தார். அம்மா அதற்குப் பழைய தலையணை உறையைத் தைத்துப் போட்டாள். கூடவே ஒரு டப்பா நிறைய பிளாப்பி. பூட்டுப் போட்ட, புகைநிற மூடி போட்ட டப்பா, ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? சாவி எப்போதும் அந்தப் பூட்டிலேயே தொங்கும். பிளாப்பியை உள்ளே தள்ளினால் மெஷின் தொண்டையைக் கனைப்பதுபோல ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும்.

அப்பா வந்த கதை வேறு. அப்பா லீவில் இருக்கிறார் என்று அம்மா என்னிடம் சொன்னாள். கீழ்வீட்டுப் பெண் பார்க்கில் வைத்து, உன் அப்பா சஸ்பெண்ட் ஆகிவிட்டாராமே என்று இந்தியில் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அப்பா ஒரு அரசாங்க அலுவலகத்தில் சாமான் அறைக்குப் பொறுப்பு. அங்கே ஒரு இரும்பு அலமாரி, சாவி அப்பாவிடம். வெளிநாட்டிலிருந்து வருகிற விருந்தாளிகளுக்குக் கொடுக்கிற வெள்ளித் தாம்பாளம் ஒன்று அதிலிருந்து காணாமல் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. சாவியை யாருக்காவது கொடுத்தாயா என்று கேட்டிருக்கிறார்கள், கொடுக்கவில்லை என்றிருக்கிறார். இடத்தைவிட்டு எங்காவது போனாயா என்று கேட்டிருக்கிறார்கள், போகவில்லை என்றிருக்கிறார். அப்படியென்றால் எடுத்தது நீதானே என்று ஆகிவிட்டது. விசாரணை முடியும்வரை வீட்டில் இரு என்று அனுப்பிவிட்டார்கள். விசாரணை பாதகமாக முடிந்தால் வேலை போகும், வேலை போனால் குவார்ட்டர்ஸ் போகும், நாங்கள் திருச்சிக்கு மூட்டை கட்ட வேண்டும். இதெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவும் மாமாவும் தணிந்த குரலில் பேசியதைக் கேட்டுக் கேட்டு நானே கோத்துக்கொண்டது.

அம்மா அப்பாவிடம் ஒரு தடவை கேட்டாள். சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஏங்க, சாவிய யாருட்டயாவது குடுத்தீங்களா?" அப்பா, "இல்ல" என்றார். அம்மா ரசம் ஊற்றினாள். அவ்வளவுதான். அதன்பிறகு வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. அப்பா ஒன்று சொன்னால் அது சொன்னதுதான், மறுபடி கேட்பது அவரை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று எங்கள் வீட்டுப் பழக்கம். நம்மில் பாதிப் பேர் வீட்டில் அப்படித்தான் இருந்திருக்கும். அப்பாவும் அதே பழக்கத்தில் ஊறியவர். சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, அலுவலகம் இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. காலையில் குளித்து, இஸ்திரிச் சட்டை போட்டு, பால்கனியில் வந்து நின்று சாலையைப் பார்ப்பார். அப்புறம் உள்ளே வருவார். மறுபடி பால்கனிக்குப் போவார். இப்போது நான் போய்ப் போய் வருகிறேனே, அதேதான்.

ஒருநாள் நான் அந்த டப்பாவிலிருந்து ஒரு துப்பறியும் விளையாட்டைப் போட்டுவிட்டு மௌஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவர் பின்னால் வந்து நின்றார். தள்ளி உட்காரு என்றார். ஒரே நாற்காலியில் அரைப்பங்கு அவருக்கு, அரைப்பங்கு எனக்கு. அன்றிலிருந்து மௌஸ் அவர் கையில், விசைப்பலகை என் கையில் என்று ஆனது.

விளையாட்டு இதுதான். பனி கொட்டுகிற ஏதோ ஊரில் ஒரு மாளிகை. வீட்டுக்காரர் காணாமல் போய்விட்டார். தொப்பி போட்ட ஒரு துப்பறிவாளர், அவர் முகத்தை நமக்குக் காட்டவே மாட்டார்கள், முதுகுதான். அவரை அறை அறையாக நடத்திக்கொண்டு போக வேண்டும். கண்ணில் பட்டதை எடுத்துப் பையில் போட வேண்டும், எதை எதோடு சேர்த்தால் என்ன திறக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பு அங்கி போட்ட ஒரு வீட்டுக்காரியம் பார்க்கிற கிழவி சமையலறையில் நிற்பாள். வேறு யாருமே கிடையாது. வெளியே எங்களுக்கு லூ காற்று அனலாக அடிக்கும், கூலரில் வெட்டிவேர் நனைந்து மணக்கும், உள்ளே திரையில் பனி கொட்டும்.

ஆரம்பத்தில் வேகமாகத்தான் போனது. மெழுகுவர்த்தி, எண்ணெய்க் குப்பி, கிழிந்த கையுறை, எல்லாம் கிடைத்தன. அப்புறம் மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில் ஒரு கதவு வந்தது. திறக்கவில்லை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடிகாரம் நின்றுபோய்க் கிடந்தது. அதற்குச் சாவி கொடுத்து ஓட விட்டால் கதவு திறக்கும் என்பது வரைக்கும் அப்பா யோசித்து முடித்துவிட்டார். சாவி கொடுக்கிற கைப்பிடிதான் எங்கேயும் இல்லை.

நாங்கள் தேடிய தேடலைச் சொன்னால் சிரிப்பீர்கள். மெழுகுவர்த்தியைக் கடிகாரத்தில் வைத்துப் பார்த்தோம். எண்ணெயைக் கதவில் ஊற்றினோம். கையுறையைக் கதவுக்குக்கூட மாட்டிப் பார்த்தோம். எதைச் செய்தாலும் கீழே ஒரே வரி வரும், அதனால் பயனில்லை என்று. எனக்கு அந்த வரியை எழுதினவன் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. அப்பாவுக்குக் கோபமே வராது. அலுவலகத்தில் சாமான் சரிபார்ப்பதுபோல ஒவ்வொரு அறையாகப் போவார், அம்பை மேலிருந்து கீழாக நகர்த்துவார், "இங்க பாத்தாச்சு" என்பார். அடுத்த அறை. "இங்கயும் பாத்தாச்சு." அப்பா பார்த்துவிட்டார் என்றால் பார்த்துவிட்டார். நான் மறுபடி பார்க்கவே மாட்டேன்.

கிழவியிடமும் கேட்டோம். அவள் மேல் அமுக்கினால் பேசுவாள். எனக்கு ஒன்றும் தெரியாது, நான் உண்டு என் வேலை உண்டு என்றாள். நான் மறுபடி அமுக்கச் சொன்னேன். அப்பா மௌஸைத் தள்ளி வைத்துவிட்டார். "வயசானவங்க பாப்பா. தெரியாதுன்னு சொல்லிட்டாங்க. திரும்பத் திரும்பக் கேட்டா என்ன மரியாதை?" அது வெறும் படம் அப்பா என்று நான் சொல்லிப் பார்த்தேன். படமாக இருந்தால் என்ன என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது, கிழவியை விட்டுவிட்டோம்.

இதற்கு நடுவில் கரண்ட் போகும். நம் தில்லி மே மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூலர் உஸ்ஸென்று அடங்கும், திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணையும், ஆடினதெல்லாம் போய்விடும். அப்பாவும் நானும் வேர்க்க வேர்க்க இருட்டுத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். அந்த மாதிரி நேரங்களில் அவர் ஏதாவது சொல்ல வருவதுபோல வாயைத் திறப்பார். அப்புறம் முலாம்பழம் வாங்கி வரட்டுமா என்பார்.

அந்தக் கோடையில் அப்பாவுக்கு ஏதோ தடுமாற்றம் இருந்தது. இடது பக்கம் வைத்த காபி டம்ளரைக் கை தட்டிவிடும். கதவு நிலையில் தோளை இடித்துக்கொள்வார். மார்க்கெட்டில் ஒரு தள்ளுவண்டியில் மோதி, வண்டிக்காரன், பையா தேக்கே சலோ, பார்த்துப் போ என்று கத்தினான். மாமா இதைப் பார்த்துவிட்டு, கவலையில் குடிக்கிறாரோ என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா அவரை வாசல்வரை விரட்டினாள். ஆனால் அன்று ராத்திரி அப்பாவின் சட்டையைத் துவைக்கப் போடும்போது அவள் அதை முகர்ந்து பார்த்ததை நான் பார்த்தேன். மனசில் கவலை இருந்தால் மனுஷன் அப்படித்தான் இடித்துக்கொள்வான் என்று கடைசியில் எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

எதிர் வீட்டில் ஒரு நர்ஸ் ஆன்ட்டி இருந்தார். திருநெல்வேலிப் பக்கம், பெரிய ஆஸ்பத்திரியில் வேலை. கிறிஸ்துமஸுக்கு எங்களுக்கு அச்சு முறுக்கு கொண்டுவருகிறவர். அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தாத ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் படியில் பார்த்தால் ரொம்ப அவசரமாக இறங்குவார்கள். ஆன்ட்டி டியூட்டி முடித்து வந்து, பால்கனியில் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, அந்தக் கதவு தொறந்துட்டா?" என்று கேட்பார். இன்னும் இல்லம்மா என்பார் அப்பா. அந்த ஒரு கேள்விக்காகவே அவர் தினமும் அந்த நேரத்துக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

அப்புறம் மாமாவுக்கு ஆள் கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் அப்பாவின் விசாரணை. அம்மா பித்தளைப் பாத்திரங்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்து, எதைக் கொண்டுபோவது எதை விடுவது என்று பிரித்து வைக்க ஆரம்பித்தாள். எனக்குத் தலை வெடித்துவிடும்போல இருந்தது. அந்தக் கதவு திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எனக்கு ஒரு கிறுக்கு நம்பிக்கை. சின்ன வயதில் அப்படித்தானே நினைப்போம், பஸ் வருவதற்குள் நூறு எண்ணி முடித்தால் பாஸாகிவிடுவோம் என்பது மாதிரி.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா சாப்பிட உள்ளே போயிருந்தார். நான் மௌஸைப் பிடித்தேன். நேராகச் சமையலறைக்குப் போய்க் கிழவி மேல் அமுக்கினேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்றாள். மறுபடி அமுக்கினேன். எனக்கு ஒன்றும் தெரியாது. மரியாதையும் மண்ணாங்கட்டியும் என்று அமுக்கிக்கொண்டே இருந்தேன், ஆத்திரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு கட்டத்தில் கிழவி திரும்பி நின்றுகொண்டாள். அதுவரை அப்படிச் செய்ததே இல்லை. நான் விடவில்லை. அவள் சொன்னாள், இத்தனை காலம் இந்த வீட்டில் இருக்கிறேன், என்னிடம் யாரும் இரண்டாவது முறை எதையும் கேட்டதில்லை, போய் மாடிப்படி ஓரத்தில் பார்.

நான் போட்ட கூச்சலில் அப்பா எச்சில் கையோடு ஓடி வந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து மௌஸை வாங்கிக்கொண்டார். துப்பறிவாளரை மாடிப்படிக்கு நடத்தினார். திரையின் இடது ஓரத்தில், பழுப்புச் சுவரில் பழுப்பாக, ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது கைப்பிடி. அங்கே இருக்கிறது என்று தெரிந்து பார்த்ததும் பளிச்சென்று தெரிந்தது. நாங்கள் தினம் தினம் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

"அதோ அப்பா, அங்க."

அப்பா அம்பை நடுவில் சுற்றினார். "எங்க? ஒண்ணும் இல்லியே."

"ஓரத்துல. இடது பக்கம் பாருங்க."

"பாத்தாச்சு பாப்பா. அங்க ஒண்ணும் இல்ல."

நான் விரலைத் திரையில் வைத்துக் காட்டினேன். அப்பா என் விரலைத் தேடினார். ஆமாம், தேடினார். என் முழங்கை அவர் மார்பில் இடிக்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்புறம் முகத்தை மொத்தமாக இடது பக்கம் திருப்பினார், கோழி தலையைச் சாய்த்துப் பார்க்குமே, அப்படி. திருப்பினதும் கைப்பிடி தெரிந்துவிட்டது. "ஓ, இருக்கு" என்றார், ரொம்ப மெதுவாக.

"உங்களுக்குத் தெரியலையாப்பா?"

"தெரியுது. கவனிக்கல."

வேறு எந்த நாளாக இருந்தாலும் நான் அதோடு விட்டிருப்பேன். அப்பா சொல்லியாகிவிட்டது. ஆனால் அப்போதுதானே கிழவியைக் கேட்டுக் கேட்டு மடக்கியிருந்தேன், அந்தச் சூடு இன்னும் விரலில் இருந்தது. தெரியலையா என்று மறுபடி கேட்டேன். வெளிச்சம் பத்தவில்லை என்றார். மறுபடி கேட்டேன். கரண்ட் போகிறதுக்குள் அந்தக் கைப்பிடியை எடு என்றார். நான் எடுக்கவில்லை. அப்பா, சொல்லுங்கப்பா, தெரியலையா என்று கேட்டேன். அவர் மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

"ஓரத்துல எதுவும் தெரியல பாப்பா. ரொம்ப நாளா."

அப்புறம் எல்லாம் வந்தது. நான் கேட்காமலே வந்தது. தாம்பாளம் காணாமல்போன அன்று மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். சாமான் யாருக்காவது தேவைப்படும் என்று அலமாரிச் சாவியைப் பக்கத்து சீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். காலா மோதியா என்று டாக்டர் சொன்னாராம், கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வருகிற வியாதி. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், நாளைக்கு வீட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றாராம். மறுநாள்தான் தாம்பாளம் காணாமல்போன விஷயம் வெளியே வந்திருக்கிறது. எங்கே போனாய் என்று கேட்டபோது, கண் தெரியாதவன் என்று தெரிந்தால் அதை வைத்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்று பயந்து, எங்கேயும் போகவில்லை, யாருக்கும் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். ஒரு பொய் சொல்லிவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டரிடம் திரும்பப் போகவே இல்லை.

"அம்மாட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். நான் அழுதுகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

"யாரும் மறுபடி கேக்கலியே பாப்பா. ஒரு தடவ கேட்டீங்க, விட்டுட்டீங்க. நான்தான் எடுத்தேன்னு நீங்க எல்லாரும் முடிவு பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்."

திரும்பிப் பார்த்தால் அம்மா பால்கனி வாசலில் நிற்கிறாள். கையில் மோர்க் கிண்ணம். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கிண்ணத்தைக் கம்ப்யூட்டர் மேல் வைத்தாள், எந்தப் பொருள் மேலும் ஈரத்தை வைக்கக் கூடாது என்று என்னைத் திட்டுகிறவள். அப்படியே செருப்புக்கூடப் போடாமல் எதிர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள்.

நர்ஸ் ஆன்ட்டி நைட் டியூட்டிக்குப் போக வேண்டியவர், தூக்கத்திலிருந்து எழுந்து வந்தார். அப்பா முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, நேராக என் மூக்கைப் பாருங்க என்று சொல்லிவிட்டு, இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து விரலை ஆட்டினார். தெரியுதா என்றார், இல்லை என்றார் அப்பா. இப்ப தெரியுதா, இல்லை. ஆன்ட்டியின் கை முகத்துக்குக் கிட்டே வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். "இத்தன நாளும் நான் கதவு தொறந்துட்டான்னு கேட்டுட்டுல்லா இருந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அப்பாவைக் கையோடு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். ஆட்டோவில் ஏறும்போது அம்மா அப்பாவின் இடது பக்கம் உட்கார்ந்தாள். இன்றுவரை எங்கள் வீட்டில் யாரும் அப்பாவின் வலது பக்கம் நடப்பதில்லை.

மறுநாள் மாமா வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிளாப்பி டப்பாவும் போனது. கைப்பிடியை எடுத்து, கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, அந்தக் கதவைத் திறக்க எனக்கு நேரமே கிடைக்கவில்லை. வீட்டுக்காரர் என்ன ஆனார் என்று தெரியாது. விளையாட்டின் பெயர்கூட மறந்துவிட்டது, என் பையனைத் தேடச் சொன்னேன், கறுப்பு அங்கிக் கிழவி என்று சொன்னால் ஆயிரம் விளையாட்டு வருகிறது என்கிறான்.

தாம்பாளம் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். விசாரணையில் அப்பா உள்ளதைச் சொன்னார். பக்கத்து சீட்டுக்காரர், எனக்குச் சாவியைப் பற்றி எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டார். இந்த இடத்தில்தான் என் அம்மா. அதுவரை யாரையும் எதையும் இரண்டாவது தடவை கேட்காத என் அம்மா, மோதி பாக்கில் இருந்த அவர் வீட்டுக்குப் போய் ஹாலில் பிரம்பு மோடாவைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் தெரியாது என்றார். அம்மா சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவர் மனைவி டீ கொடுத்தாள், குடித்தாள், மறுபடி கேட்டாள். அடுத்த நாளும் போனாள். அந்த அம்மாள்தான் கடைசியில் தாங்க முடியாமல் தன் வீட்டுக்காரரைப் பார்த்து, சொல்லித் தொலையுங்களேன் என்றாளாம். சாவி என்னிடம்தான் இருந்தது, மேஜை மேல் வைத்துவிட்டு டீக்குப் போனேன், யார் எடுத்தார்களோ தெரியாது என்று அவர் எழுதிக் கொடுத்தார். அப்பாவைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இடத்தைவிட்டுப் போனதற்கு எச்சரிக்கை கொடுத்து, சாமான் அறையை வாங்கிக்கொண்டு, காகிதம் பார்க்கிற வேலையில் போட்டார்கள். ரிடையர் ஆகிறவரை அதைப் பார்த்தார். தாம்பாளம் கிடைக்கவே இல்லை.

அம்மா இப்போது இல்லை. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அந்தக் கோடை பற்றிப் பேச்சு வந்தது. ஏம்மா நீ அப்பாவை மறுபடி கேட்கவே இல்லை, அவ்வளவு மரியாதையா என்று கிண்டலாகக் கேட்டேன். அம்மா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மரியாதை என்ன மரியாதை. கேட்டு, அவர் ஆமா, நான்தான் எடுத்தேன்னு சொல்லிட்டா என்னடி பண்றது? அந்த பயம்தான்." இவ்வளவு வருஷம் கழித்து அது எனக்கு நெஞ்சில் அடித்தது. நாங்கள் பெருமையாக மரியாதை என்று சொல்லிக்கொண்டிருந்தது அத்தனையும் பயம். அந்தப் பயத்தில் ஒரு மனுஷனின் கண் ஓரம் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்பா என்னோடுதான் இருக்கிறார். காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து நான்தான் விடுகிறேன். நடுவில் ஒரு சன்னல் அளவுக்குப் பார்வை நின்றுவிட்டது, அதை வைத்துக்கொண்டு பேப்பர் படிக்கிறார், பையனோடு சண்டை போடுகிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டால் இன்னமும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். நான் மருந்துக் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்பேன். அப்புறம் சொல்வார், முட்டி வலிக்கிறது, ராத்திரி தூக்கம் வரவில்லை, உங்கம்மா ஞாபகமாகவே இருக்கிறது என்று.

துணி காய்ந்துவிட்டது. எடுத்து மடித்து வைத்துவிட்டேன். இனிமேல் எழுந்து போக வேறு சாக்கும் இல்லை.

கரோல் பாக் தோழியே, இதையும் நீ பூப்படத்தோடு பூப்படமாகத் தள்ளிவிட்டுப் போய்விடுவாய் என்று தெரியும். நாளைக்கு மெட்ரோவில் வருகிறேன். மணி அடித்தால் கதவைத் திற. ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வாய். சொல்லிக்கொள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்து, நீ கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டு, மறுபடி கேட்பேன்.